ஒளிய இடம், தேர்ந்தெடுக்க வழி: ஏமன் பச்சோந்தியின் கூண்டு

பச்சோந்தி வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அளவுகளைத்தான் கேட்கிறார்கள்: கூண்டு எத்தனை அடி, விளக்கு எத்தனை வாட், நாளுக்கு எத்தனை பூச்சி. இவற்றுக்கு விடை உண்டு. இந்த அத்தியாயத்திலும் அவை வரும். ஆனால் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும் கூண்டுக்குள்ளேயே, வலையைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் அலைகிற பச்சோந்திகளும், உடல் கறுத்து இரையைத் தொடாமல் கிடக்கிற பச்சோந்திகளும் உண்டு. கடையில் வாங்கிச் சேர்க்கக்கூடிய ஏதோ ஒரு பொருள் குறைகிறது என்று தேடினால் காரணம் அகப்படாது. அந்த விலங்குக்கு ஒதுங்க இடமில்லை. சூடு போதும் என்றால் விலகிப் போக வழியில்லை. பச்சோந்தி நிறைவாக வாழ இரண்டு ஏற்பாடுகள் வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒன்று, பிறர் கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம். மற்றொன்று, வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றிலும் தனக்கு வேண்டிய அளவைத் தானே போய் எடுத்துக்கொள்ளும் வசதி. வளர்ப்பவர் இந்த இரண்டையும் அமைத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடினமானது அந்தத் தள்ளி நிற்பதுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஏமன் பச்சோந்தி. வெயில்டு கமீலியன் என்ற பெயரில் உலகெங்கும் அதிகம் விற்கப்படுவது இதுவே. ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியும் இதன் தாயகம். நம் ஊர் வேலிகளிலும் மரங்களிலும் காணப்படும் இந்தியப் பச்சோந்தி வேறு இனம். அதைப் பிடிப்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. இந்த நூலில் உள்ள எதையும் அந்த விலங்குக்குப் பயன்படுத்த நினைக்கக் கூடாது. அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஏமன் பச்சோந்தியும், பன்னாட்டு வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், கூண்டுகளில் பிறந்து வளர்ந்ததற்கான ஆவணம் இல்லாத ஒன்றை வாங்கக் கூடாது. 2022இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பின், சைட்டீஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்யவும் வேண்டும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் பச்சோந்தியை வளர்க்கவே அனுமதி இல்லை. உங்கள் ஊரின் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே மேலே படிப்பது நல்லது.

ஒரு பல்லியினம் நிறைவாக இருக்கிறதா என்பது நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி நியாயமானது. அது வாலாட்டாது, குரல் கொடுக்காது. எல்லோரும் உடனே நிறத்தைப் பார்க்கிறார்கள். நிறம் ஒரு சான்றுதான், ஆனால் எளிதில் தவறாகப் படிக்கப்படும் சான்று. பச்சோந்தி பின்னணியோடு ஒன்றிப்போவதற்காகவே நிறம் மாறுகிறது என்ற நம்பிக்கையைப் பல ஆய்வுகள் அசைத்துவிட்டன. தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, பெரிய நிறமாற்றத் திறன் வளர்ந்ததற்குத் தம் இனத்தோடு பேசிக்கொள்ளும் தேவைதான் காரணம் என்று காட்டியது. தோலில் உள்ள குவானின் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் விளக்கினார்கள். ஏமன் பச்சோந்தி ஆண்கள் மோதும்போது தலை அதிகப் பிரகாசமாகவும் வேகமாகவும் நிறம் மாறுகிற ஆணே பெரும்பாலும் வெல்கிறது என்பது 2013இல் தெரிந்தது. தோற்பது உடல் கறுத்துத் தன் பணிவைத் தெரிவிக்கிறது. ஆகவே பளபளவென்று ஒளிரும் நிறம் மகிழ்ச்சியைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் பகைவன் என்று எண்ணி அது சண்டைக்கு நிற்கக்கூடும். அதுபோலக் கறுத்திருப்பதெல்லாம் துன்பமும் இல்லை. காலையில் வெயில் காயும் பச்சோந்தி விளக்கின் பக்கம் உடலைத் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கி வெப்பத்தை உறிஞ்சும். உடல் சூடேறியதும் நிறம் வெளுத்து, இடம் மாறும்.

நிறத்தைவிட நடமாட்டம் நம்பத்தக்க சான்று. விடிந்ததும் வெயில் காய்கிறது, பிறகு இலைகளுக்குள் போய்விடுகிறது, இரை தென்பட்டால் நாக்கை நீட்டுகிறது, இரவில் ஏறக்குறைய ஒரே கிளையில் வெளிறிய நிறத்தோடு உறங்குகிறது. இப்படிக் கூண்டின் பல பகுதிகளையும் நாளின் பல வேளைகளில் பயன்படுத்தினால் அதற்கு வேண்டியவை அங்கே இருக்கின்றன என்று பொருள். எச்சத்தில் வரும் யூரேட் வெள்ளையாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறமானால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. கண்குழி உள்வாங்கியிருப்பதும் அதையே சொல்லும். வலையிலேயே தொங்கி அலைவது, தரையில் இறங்கித் திரிவது, எப்போதும் உச்சியிலேயே ஒட்டிக்கிடப்பது ஆகிய மூன்றும் அது எதையோ தேடுகிறது அல்லது எதையோ தவிர்க்கிறது என்பதன் அடையாளங்கள். சிலர் இந்த அலைச்சலை உற்சாகம் என்றும் ‘வெளியே வர ஆசைப்படுகிறது’ என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே வர முயல்வது உண்மைதான். அந்தக் கூண்டில் அதற்குப் பொருந்தாத ஏதோ ஒன்று இருப்பதால்தான் அது வெளியேறப் பார்க்கிறது.

முதல் ஏற்பாட்டுக்கு வருவோம். பச்சோந்தியால் ஓடித் தப்ப முடியாது. கண்ணில் படாமல் இருப்பதே அதன் முதல் பாதுகாப்பு. பறவைகள் மேலிருந்து வரும் பகைவர்கள் என்பதால், மேலிருந்து குனிந்து பார்க்கும் எந்த உருவமும் அதற்கு ஆபத்துதான். எனவே கூண்டைத் தரையில் வைக்காமல் மேசை மீதோ உறுதியான நிலைத்தட்டு மீதோ ஏற்றி, வெயில் காயும் கிளை நிற்கும் மனிதரின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். வளர்ந்த ஆணுக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம், 120 உயரம் என்பது குறைந்தபட்சம். அதில் பாதியாவது இலைகளால் நிரம்பியிருக்க வேண்டும். செம்பருத்தி, ஷெஃப்லேரா போன்ற செடிகளைத் தொட்டியோடு உள்ளே வைக்கலாம். இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட நாற்றுகளைப் பல வாரங்கள் வெளியில் வைத்துக் கழுவிய பின்பே உள்ளே வைக்க வேண்டும். கூண்டின் மூன்று பக்கங்களை மறைத்து, ஒரு பக்கம் மட்டும் அறையைப் பார்க்கும்படி விடுவது நல்லது. தொலைக்காட்சி, வாசற்கதவு, மின்விசிறி, ஏசி காற்று, பூனை, இன்னொரு பச்சோந்தியின் கூண்டு இவை எதுவும் பார்வைக்கோட்டில் வரக் கூடாது.

இவ்வளவு மறைத்துவிட்டால் அதைப் பார்ப்பதே அரிதாகிவிடுமே, பிறகு வளர்ப்பது எதற்கு என்று பலர் மனத்தாங்கலோடு கேட்கிறார்கள். ஆனால் நடப்பது இதற்கு நேர்மாறானது. எங்கும் ஒளிய முடியாத விலங்கு பயத்தில் அசையாமல் கிடக்கும், அல்லது கூண்டின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பின்வாங்க அடர்ந்த புதர் இருக்கிறது என்று பழகிய விலங்குதான் வெளிக்கிளைக்குத் துணிந்து வரும். நீங்கள் அறையில் இருக்கும்போதே இரை பிடிக்கும். இலைகளைக் குறைத்தால் பச்சோந்தி கண்ணில் படும் நேரம் கூடலாம். அது இயல்பாக நடந்துகொள்ளும் நேரம் குறைந்துவிடும்.

பெண் முட்டையிடும் வேளையில் இந்த மறைவு உயிர் காக்கும் விஷயமாகிறது. ஏமன் பச்சோந்திப் பெண், ஆணையே பார்க்காமல் வளர்ந்தாலும் கருவுறாத முட்டைகளை இடும். ஐந்தாறு மாத வயதிலேயே அது தொடங்கக்கூடும். அதற்கு 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய ஒளிபுகாத தொட்டி கூண்டுக்குள் எப்போதும் இருக்க வேண்டும். தோண்டினால் சுரங்கம் இடிந்து விழாத அளவுக்கு மணலில் ஈரம் வேண்டும். அடர்நிறத்தோடு நீலமும் மஞ்சளும் கலந்த புள்ளிகள் உடலில் தோன்றி, தரையில் இறங்கிச் சுற்றத் தொடங்கினால் வேளை வந்துவிட்டது. அப்போது கூண்டின் முன்பக்கத்தையும் துணியால் மூடிவிடுங்கள். தோண்டும்போது யாரோ பார்ப்பதாக உணர்ந்தால் அது குழியை விட்டுவிட்டு முட்டைகளை அடக்கிக்கொள்ளும். முட்டை வயிற்றிலேயே தங்கிப்போவது பெண் பச்சோந்திகளைக் கொல்லும் காரணங்களில் முக்கியமானது. முட்டைகளின் எண்ணிக்கை அளவுமீறிப் போகாமல் இருக்க வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து பூச்சிகள் போதும். வெயில் காயும் இடத்தின் வெப்பத்தையும் 27 டிகிரிக்கு மேல் விடாமல் வைக்கலாம். தேர்வை விலங்கிடமே விட வேண்டும் என்று வாதிட்டுவிட்டு இங்கே கட்டுப்படுத்தச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இயற்கையில் வறட்சியும் இரைக்குறைவும் செய்யும் வேலை அது. பூச்சிக்கு என்றுமே பஞ்சமில்லாத கூண்டில் அந்த எல்லையை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

தேர்ந்தெடுக்க வழி என்ற இரண்டாம் ஏற்பாட்டுக்கு வலுவான சான்று புற ஊதா ஒளி பற்றிய ஆய்விலிருந்து கிடைக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளுக்கு இருவேறு உணவு கொடுக்கப்பட்டது. உணவில் வைட்டமின் டி3 குறைவாகப் பெற்றவை புற ஊதா ஒளியில் அதிகமாகப் போய் நின்றன. அதிகமாகப் பெற்றவை அதைக் குறைத்துக்கொண்டன. உடலின் தேவையை அறிந்து ஒளியின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் அந்த விலங்கிடம் இருக்கிறது. அது வேறு இனம்தான். ஆனாலும் பகலில் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிப் போகும் வாழ்க்கை இரண்டுக்கும் பொது. டி3 பொடியை இரையில் தூவிக் கொடுத்துவிட்டால் விளக்குச் செலவு மிச்சம்தானே என்று வாதிடுபவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. தோலில் உருவாகும் டி3 உடலே கட்டுப்படுத்தும் அளவில் நிற்கும். வாய்வழியே தருவது கூடினால் நஞ்சாகும், குறைந்தால் எலும்பு வளைந்துபோகும். எந்த அளவு சரி என்பதை நாம் ஊகிப்பதைவிட விலங்கே முடிவு செய்வது பாதுகாப்பானது. அதற்குக் கூண்டின் மேற்புறத்தில் 6 சதவீத டி5 குழல் விளக்கைப் பொருத்தி, வெயில் காயும் கிளையில் புற ஊதாக் குறியீடு 3 அளவில் இருக்கும்படியும், கீழே போகப்போகக் குறைந்து இலைகளுக்குள் பூஜ்யமாகும்படியும் அமைக்க வேண்டும். மேல்வலை ஒளியின் கணிசமான பகுதியைத் தடுப்பதால் தூரத்தைக் கருவியால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கருவி இல்லாதவர்கள் கிளையை விளக்குக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கீழே அமைத்து, குழலை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் இதற்கு ஈடாகாது, புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். உணவோடு தரும் பொடியில் பெரும்பாலான நாள் டி3 இல்லாத சுண்ணாம்புச் சத்தும், மாதம் இருமுறை மட்டும் டி3 கலந்த வைட்டமினும் போதும்.

வெப்பத்துக்கும் இதே ஒழுங்குதான். ஆணுக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், கூண்டின் நடுவில் 24 முதல் 26, கீழே அறையின் வெப்பம். கூண்டு முழுவதையும் 30 டிகிரியில் வைத்தால் விலங்குக்குச் சூடு கிடைத்துவிடும், ஆனால் சூட்டிலிருந்து விடுதலை கிடைக்காது. அது வாயைத் திறந்தபடி இருக்கும், நீர் வற்றும். விளக்கை மேல்வலையின் மீதே வைப்பதும் பெரும் தவறு. பச்சோந்தி வலையில் தலைகீழாக நடந்து விளக்குக்கு நேர்கீழே வந்துவிடும். கொண்டையிலும் முதுகிலும் தீப்புண் வரும். விளக்கை வலைக்குச் சில அங்குலம் மேலே தொங்கவிட வேண்டும். இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும். சிவப்பு விளக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது என்ற பேச்சு தவறு, பச்சோந்தியின் நிறப்பார்வை நம்முடையதைவிட விரிந்தது. ஏமன் மலைகளில் இரவு குளிரும். 18 டிகிரிக்கு இறங்கினாலும் ஆரோக்கியமான பெரிய விலங்குக்குக் கெடுதல் இல்லை, நன்றாக உறங்கும்.

தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகக் குடிக்காது. இலையில் நிற்கும் துளிகளையே நக்கும். அதன் தாயகத்தில் மழை குறைவு, விடியற்காலைப் பனியும் மூடுபனியும்தான் ஈரம் தருபவை. ஆகவே பகல் முழுக்க நீர் தெளித்துக் கூண்டை நனைத்து வைப்பது அந்த இனத்தின் நாளைத் தலைகீழாக்குவதாகும். விளக்கு எரியத் தொடங்கும் முன்பும் அணைந்த பின்பும் சில நிமிடம் தெளிக்க வேண்டும். பகலில் இலைமீது ஒரு சொட்டுநீர் ஏற்பாடு ஓடட்டும். மற்ற நேரத்தில் இலைகள் உலர வேண்டும். குளிர்ந்த ஊர்களில் நள்ளிரவுக்குப் பின் பனிமூட்டக் கருவியை ஓட்டலாம். சென்னை, கோலாலம்பூர் போல இரவிலும் வெப்பம் இறங்காத, காற்றிலேயே ஈரம் நிற்கும் இடங்களில் அதை விட்டுவிடுவதே நல்லது. சூடும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் நுரையீரல் நோய் வரும். வலைக் கூண்டா கண்ணாடிக் கூண்டா என்ற பழைய சண்டைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வெப்ப ஊர்களில் வலைதான் சரி. ஐரோப்பியக் குளிர்காலத்தில், வறண்ட சூடாக்கிய அறையில், மேலும் கீழும் காற்றுத்துளை உள்ள கண்ணாடிக் கூண்டை நல்ல வளர்ப்பாளர்கள் வெற்றியோடு பயன்படுத்துகிறார்கள். அங்கே பிம்பம் தெரியாதபடி உட்சுவர்களைத் தக்கையாலோ செடியாலோ மூடியாக வேண்டும்.

பச்சோந்தி தனியாக வாழும் விலங்கு, அதனால் ஒரு கூண்டுக்கு ஒன்றுதான் என்பது வளர்ப்பாளர்களிடையே வேதவாக்கு. இதை மறுக்கும் ஒரு சான்றை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் தனித்து வளர்க்கப்பட்ட ஏமன் பச்சோந்திக் குஞ்சுகள், கூட்டாக வளர்ந்தவற்றைவிடப் பிற குஞ்சுகளிடம் அதிகம் பணிந்துபோயின. அவற்றின் நிறம் மங்கலாக இருந்தது; இரையைப் பிடிப்பதிலும் மந்தமாக இருந்தன. இதை வைத்து இரண்டு பெரிய பச்சோந்திகளை ஒன்றாக வைக்கலாம் என்று முடிவு கட்டுபவர்கள், ஆய்வு குஞ்சுப் பருவத்தைப் பற்றியது என்பதை விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கண்டால் மோதும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் பெண் ஓயாமல் துரத்தப்படும். அங்கே தோற்றது ஓடி மறைய இடம் கிடையாது. ஆய்வு நமக்குச் சொல்வது வேறு: உடன்பிறந்தவற்றோடு முதல் சில வாரங்கள் தாராளமான இடத்தில் வளர்ந்த, அப்போதும் விரலோ வாலோ கடிபடாத குஞ்சைத் தேர்ந்து வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மூன்று மாத வயதுக்குப் பிறகு அது தனியாகவே இருக்கட்டும். குஞ்சைப் பெரிய கூண்டில் விட்டால் இரையைக் கண்டுபிடிக்காது என்ற கவலையில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்கு இரையை ஒரே இடத்தில், வழவழப்பான கிண்ணத்தில் வைத்துப் பழக்கலாம். சிறிய வெறும் பெட்டியில் அடைப்பது அதற்கு மாற்று வழி ஆகாது.

கையில் எடுத்துப் பழக்குவது பற்றித்தான் அதிக மனவருத்தம் வருகிறது. தன் பச்சோந்தி கையில் ஏறி அமைதியாக உட்காருகிறதே என்பவர்கள் பொய் சொல்வதில்லை. கிளையைவிட உயரமான பிடி கிடைத்தால் அதில் ஏறுவது அதன் இயல்பு, தோள்வரை ஏறுவதும் அதனால்தான். இரையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அது கற்றுக்கொள்ளவும் செய்யும். இதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மருத்துவரிடம் கொண்டுபோகவும் புண் இருக்கிறதா என்று பார்க்கவும் கைக்குப் பழகியிருப்பது பெரும் உதவி. எல்லை எங்கே என்றால், முதல் அடி யாருடையது என்பதில். கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு செடியை நிறுத்தி, அது தானே நடந்து வரட்டும் என்று காத்திருந்தால், வருவதும் திரும்புவதும் அதன் முடிவாக இருக்கும். மேலிருந்து கையை இறக்கி இடுப்பைப் பிடித்துத் தூக்கினால், அதன் உடலுக்குத் தெரிந்த ஒரே பொருள் பருந்து. சீறி, தொண்டையை உப்பிக் கறுப்பது அதன் மறுப்பு. அந்த மறுப்பைக் கண்டும் தினமும் தொடர்ந்தால் ஒருநாள் அது சீறுவதை நிறுத்திவிடும். அதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதற்கு முன், வெளியில் விட்டதும் அது இரை எடுக்கிறதா, கண்களை ஆளுக்கொரு பக்கமாகச் சுழற்றிச் சுற்றிலும் பார்க்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையிலேயே கிடப்பது பயத்தின் கடைசிக் கட்டமாக இருக்கலாம்.

புதிதாக வந்த பச்சோந்தி முதல் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். அந்தக் காலத்தில் தண்ணீரும் இரையும் வைப்பதற்கு மட்டும் கதவைத் திறந்தால் போதும். அதற்குப் பிறகும் வலையில் அலைந்தால் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். முதலில் கூண்டின் பார்வைக்கோட்டில் என்ன இருக்கிறது என்று அதன் கிளை உயரத்திலிருந்தே பாருங்கள், பின்பக்கத்தை மூடுங்கள், இலைகளைக் கூட்டுங்கள். பிறகு மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும் வெப்பமானியை வைத்துப் படிநிலை உண்மையாகவே இருக்கிறதா என்று சோதியுங்கள். பெண்ணாக இருந்தால் முட்டைத் தொட்டியின் ஈரத்தை விரலை விட்டுப் பாருங்கள். பகல் வேளையில் கண் மூடிக் கிடந்தாலோ, வெயில் காயாதபோதும் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, கிளையைப் பிடிக்க முடியாமல் கால் நழுவினாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கூண்டின் புகைப்படம், விளக்கு வாங்கிய தேதி, தரும் பொடியின் டப்பா மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நோயின் காரணம் பல நேரம் அவற்றிலேயே கிடைத்துவிடும்.